குறைந்த விலைக் கன்டென்சர் மைக்: வீட்டுப் பதிவுக்கும் மேடைக்கும் முழுமையான வழிகாட்டி

கன்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் நுண்ணிய மைக்) வாங்கியவர்கள் முதல் பதிவைக் கேட்டுவிட்டு என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: பாட்டைவிட மின்விசிறி நன்றாகக் கேட்கிறது. விசாரித்தால், அறையைக் கவனிப்பதற்கு முன்பும், மைக்குக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும் என்று பார்ப்பதற்கு முன்பும் மைக்கை வாங்கியிருப்பார்கள். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்களுக்கும், பேசிக் காணொளி போடுபவர்களுக்கும், அதே மைக்கை மேடைக்கும் எடுத்துச் செல்ல விரும்பும் கலைஞர்களுக்கும் உடனிருந்து உதவியபோது கண்ட தடுமாற்றங்களை மனத்தில் வைத்து, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும், ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். குறைந்த விலை என்று நான் குறிப்பிடுவது மைக்குக்கு மட்டும் ஏறத்தாழ 3,000 ரூபாய் முதல் 12,000 ரூபாய் வரை.

1. எதற்காக என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பதியப்போவது என்ன? எந்த அறையில்? மேடைக்கும் எடுத்துச் செல்ல வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால், யு.எஸ்.பி. வசதி மட்டும் உள்ள மைக்குகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் அந்த மைக்கை, ஒலிபெருக்கி அமைக்கும் ரேடியோ செட்காரரின் மிக்சரில் செருக இடமில்லை. மூன்று துளை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் இயங்கும் மைக்தான் வீட்டுக்கும் மேடைக்கும் பொதுவானது. தனியாக அமர்ந்து பேசிப் பதிவு செய்வது மட்டுமே வேலை என்றால் யு.எஸ்.பி. மைக் போதும், அவர்கள் 4, 6 ஆகிய பகுதிகளைத் தாண்டிச் செல்லலாம்.

கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் மைக்குக்கு ஒதுக்காதீர்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), கேபிள், கனமான அடியுள்ள ஸ்டாண்ட், வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஆகிய ஐந்தும் இல்லாமல் மைக் வேலை செய்யாது, அல்லது வேலை செய்தும் பயன்படாது. எல்லாப் பணத்தையும் மைக்கில் போட்டுவிட்டு, ஸ்டாண்டுக்குப் பதிலாகப் புத்தகக் கட்டின் மேல் மைக்கைச் சாய்த்து வைத்துப் பாடியவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பதிவில் மேசையின் ஒவ்வோர் அதிர்வும் இருந்தது.

2. மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

இதற்குக் கைபேசி போதும். பதிவு செய்ய நினைக்கும் அறையில் அதை வைத்துவிட்டு, விடிகாலை, பிற்பகல், இரவு என மூன்று வேளைகளில் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஹெட்போனில் ஒலியளவைக் கூட்டிக் கேட்டு, காதில் விழும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், அடுத்த வீட்டுக் குக்கர், தெருவில் போகும் ஆட்டோ, குழல்விளக்கின் ரீங்காரம் என்று பட்டியல் நீளும். நம் காது இவற்றையெல்லாம் ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அமைதியான வேளை எது என்பதை ஊகித்துவிடாதீர்கள். விடிகாலைதான் அமைதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே கோவில் ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கிவிடும். மதுரையின் மாசி வீதிகளிலோ அவற்றை ஒட்டிய சந்துகளிலோ குடியிருப்பவர்கள் சித்திரைத் திருவிழா நாட்களில் பதிவு வேலையையே ஒத்திவைப்பது நல்லது. அந்த நாட்களில் வீதியுலாவின் மேளம் மூடிய கதவைத் தாண்டித்தான் வரும். எந்த மைக்கும், எந்தச் செயலியும் அதை நீக்கிக் கொடுக்காது.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு 'டிங்' என்றோ 'ட்ரர்' என்றோ ஒரு வால் நீண்டால், அது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவதன் அடையாளம். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் வெறுமையான பூச்சுச் சுவரும் கொண்ட நம் புது வீடுகளில் இந்த வால் கட்டாயம் இருக்கும். துணியும் பாயும் பழைய சாமான்களும் அடைந்து கிடக்கும் அறையில் அது குறைவாக இருக்கும். ஆகவே வீட்டின் அழகான அறையைவிட அடைசலான அறையே பதிவுக்கு ஏற்றது.

3. அறையைச் சரிசெய்யும் முறை

சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு, உள்ளே எழும் ஒலி எதிரொலிக்காமல் தடுப்பது வேறு. முதலாவதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். ஜன்னலை இறுக மூடுவது, கதவின் அடியிடுக்கில் துணியைச் சுருட்டி வைப்பது ஆகியவற்றைத் தாண்டி வாடகை வீட்டில் அதிகம் செய்ய இயலாது. இரண்டாவதற்கு நார்த்தன்மையுள்ள தடித்த பொருள் வேண்டும். முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது. அது கனமற்றது என்பதால் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. மெல்லியது என்பதால் எதிரொலியில் உயர் அலைகளை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு, கீழ் அலைகளை அப்படியே விட்டுவிடும். சுவரெங்கும் சேலைகளைத் தொங்கவிடுவதிலும் இதே குறை உண்டு: குரல் மங்கும், அறையின் முழக்கம் மட்டும் நிற்கும்.

நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் நல்ல பொருள் பஞ்சு மெத்தைதான். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால், கடையில் வாங்கும் மெல்லிய நுரைத் தகடுகள் பலவற்றைவிடக் கூடுதலாக வேலை செய்யும். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறு செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியாய்டு வகை மைக் தன் முகத்துக்கு நேரே இருப்பதை நன்றாகவும் முதுகுப் பக்கத்தில் இருப்பதை மிகக் குறைவாகவும் கேட்கும். அதன் முகம் பார்ப்பது பாடுபவரையும், அவருடைய தோளைத் தாண்டி அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும். ஆகவே மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு மெத்தைகள் இருந்தால் மூலையில் 'ப' வடிவில் நிறுத்தி, அதற்குள் பாடுபவர் அமரட்டும்.

மின்விசிறி பற்றி ஒரு சொல். சித்திரை, வைகாசி வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்வது கொடுமைதான். ஆனால் வேறு வழியில்லை. ஒரு பல்லவியோ ஒரு சரணமோ பாடும் மூன்று நான்கு நிமிடம் நிறுத்தி, முடித்ததும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் ஓட வேண்டும் என்றால், மைக்கை வாய்க்குச் சற்று மேலே உயர்த்தி, முகம் 45 பாகை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, முதுகு விசிறிப் பக்கம் திரும்புமாறு செய்யுங்கள். நேராக நிற்கும் மைக்குக்குத் தலைக்கு மேலுள்ள விசிறி பக்கவாட்டில் இருப்பதால் 6 டெசிபல் குறைவாகக் கேட்கும். சாய்த்த நிலையில் அது ஏறத்தாழ 17 டெசிபல் குறையும் என்பது காகிதக் கணக்கு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

4. 48 வோல்ட் எங்கிருந்து வரும்?

மேடையில் கையில் பிடித்துப் பாடும் வழக்கமான டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம். கன்டென்சர் மைக்குக்குள் ஒரு சிறிய மின்சுற்று இருப்பதால் அதற்கு மின்சாரம் வேண்டும். அதை ஒலி வரும் கேபிளிலேயே மறுதிசையில் அனுப்பும் ஏற்பாட்டுக்குத்தான் ஃபேன்டம் பவர் என்று பெயர். எக்ஸ்.எல்.ஆர். கேபிளின் 2, 3 ஆகிய பின்கள் இரண்டிலும் ஒரே அளவில் 48 வோல்ட் இருக்கும், 1 தரைக்கானது. இரண்டு பின்களிலும் மின்னழுத்தம் சமமாக இருப்பதால் சரியான கேபிளில் செருகிய டைனமிக் மைக்குக்கு அதனால் கேடு வராது. மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியை வாங்கும் ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்தச் சானலில் 48 வோல்ட்டை அணைத்து வைப்பது பாதுகாப்பு.

மலிவான மைக்குகள் சிலவற்றோடு ஒரு முனையில் எக்ஸ்.எல்.ஆரும் மறுமுனையில் 3.5 மி.மீ. பின்னும் உள்ள கேபிளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். அதைக் கைபேசியிலோ கம்ப்யூட்டரிலோ செருகினால் சில வோல்ட்தான் கிடைக்கும். மைக் முழுவதும் பேசாமல் இருக்கும், அல்லது மெலிந்த குரலும் பெரிய இரைச்சலுமாகப் பேசும். உடனே மைக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி விற்றுவிடுகிறார்கள். உண்மையான 48 வோல்ட்டில் போட்டுப் பார்க்காமல் எந்த எக்ஸ்.எல்.ஆர். கன்டென்சர் மைக்கையும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது.

ஆகவே மைக்குக்கு முன்பே ஆடியோ இன்டர்ஃபேஸை முடிவு செய்யுங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யு.எம்.சி.202எச்.டி. போன்றவற்றில் 48 வோல்ட் பொத்தான் உண்டு. ஒரே ஆள் பாடிப் பதிவு செய்ய ஒரு மைக் சானல் போதும். மிருதங்கத்துக்கோ இரட்டை மைக் பதிவுக்கோ இரண்டு சானல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய மிக்சரில் 48 வோல்ட் இல்லையென்றால் தனியாக விற்கும் ஃபேன்டம் பவர் பெட்டியை மைக்குக்கும் மிக்சருக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம்.

5. மைக்கைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியில் அச்சிட்டுள்ள எண்களில் மூன்றை மட்டும் பாருங்கள்.

முதலாவது, மைக்கின் சொந்த இரைச்சல். ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 மைக்குக்கு அது 20 டெசிபல். அதைவிட விலை கூடிய ரோடு என்.டி.1 ஐந்தாம் தலைமுறை மைக்குக்கு 4 டெசிபல். இந்த 16 டெசிபல் வேறுபாடு பெரியதுதான். ஆனால் ஜன்னலை மூடிய சாதாரணத் தெரு வீட்டு அறையின் அமைதியே 30, 35 டெசிபலுக்குக் குறைவது அரிது என்பதால், அந்த அறையில் இரண்டு மைக்குகளின் சொந்த இரைச்சலும் அறைச் சத்தத்துக்கு அடியில் மூழ்கிவிடும். அறையைச் சரிசெய்யாதவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அமைதியை ஒருநாளும் கேட்கப் போவதில்லை. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் விலை கூடிய மைக்கைச் சொல்லாததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, தாங்கும் உச்ச ஒலி. தவிலையும் பறையையும் நாதஸ்வரத்தையும் பதியப் போகிறவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உச்சத்தைத் தாண்டினால் மைக்குக்கு உள்ளேயே ஒலி உடைந்துவிடும்; இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைப்பதால் உடைந்தது ஒட்டாது. ஏ.டி.2020 மைக்குக்கு இந்த உச்சம் 144 டெசிபல். உச்சம் குறைவான மைக்கில் 10 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம், அல்லது தள்ளி வைக்கலாம்.

மூன்றாவது, திசைப் பண்பு. கார்டியாய்டு என்று இருக்கட்டும். எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி வகை நல்ல அறைக்கு அருமையானது. நம் அறைகளுக்கு அல்ல.

மைக்குக்குள் ஒலிக்கு அதிரும் சவ்வான டயஃப்ரம் பெரியதா, சிறியதா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: குரலுக்குப் பெரியது, இசைக்கருவிக்குச் சிறியது. பென்சில் போன்ற சிறிய டயஃப்ரம் மைக்குகள் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியையும் நிறம் மாறாமல் வாங்கும். மேடைக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக் வாங்க வேண்டும் என்பவருக்குச் சிறிய டயஃப்ரமே என் பரிந்துரை. பெரியது மேடையில் பெரும்பாலும் இடைஞ்சல்தான்.

கடையில் வாங்கினால் உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் எடுத்துச் சென்று, 48 வோல்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் 6, 7, 8 ஆகிய பகுதிகளைச் செய்து முடித்துவிடுங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

6. இணைக்கும் வரிசையும் கழற்றும் வரிசையும்

இணைக்கும்போது: கெயினை முழுவதும் குறையுங்கள், ஸ்பீக்கரை அணையுங்கள், ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றுங்கள், மைக்கை ஸ்டாண்டில் இறுக்கிய பிறகு கேபிளை மைக்கிலும் இன்டர்ஃபேஸிலும் செருகுங்கள், அதன் பின்னரே 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள், பத்து விநாடி பொறுத்துவிட்டுக் கெயினை மெல்ல உயர்த்துங்கள்.

கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கெயினைக் குறைத்து, 48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, பிறகு கேபிளை உருவுங்கள். மைக்கின் மின்சுற்றில் தேங்கிய மின்னேற்றம் வடிவதற்கே அந்த அரை நிமிடம்.

இந்த வரிசையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 48 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் மூன்று பின்களும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்தக் கண நேர ஏற்றத்தாழ்வு பெரிய 'டப்' ஒலியாக வெளிவரும். வீட்டில் அது காதைப் பதம்பார்க்கும். மேடையில் ஆயிரம் வாட் ஸ்பீக்கரில் உயர் அலைகளை ஒலிக்கும் ட்வீட்டரைப் பதம்பார்க்கும்.

48 வோல்ட் உள்ள வழியில் 6.35 மி.மீ. பின்னை எக்ஸ்.எல்.ஆராக மாற்றும் கேபிளைச் செருகாதீர்கள். அந்தப் பின் உள்ளே நுழையும்போது 48 வோல்ட்டைத் தரையோடு தொடவைத்துவிடும்.

7. மைக்கை நிறுத்தும் இடம்

முதலில், மைக்குக்கு முகம் எது என்று பாருங்கள். பெரிய டயஃப்ரம் மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை. பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் பொறித்த பக்கமே முகம். மேடை மைக்கைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் இதன் உச்சந்தலையைப் பார்த்துப் பாடிவிட்டு, குரல் மங்கலாக இருக்கிறதே என்கிறார்கள். ஒரு முழுப் பாட்டு ஆல்பத்தையே மைக்கின் முதுகைப் பார்த்துப் பாடி முடித்திருந்தவர் ஒருவரும் உண்டு. பென்சில் மைக்குகளுக்கு மட்டும் நுனிதான் முகம்.

அடுத்தது தூரம். கன்டென்சர் மைக் தெருச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. ஏ.டி.2020 மைக்கின் வெளியீடு ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு ஏறத்தாழ 14 மில்லிவோல்ட்; பலரும் அறிந்த டைனமிக் மைக்கான ஷூர் எஸ்.எம்.58-க்கு அது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். ஏழு மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டால் எல்லாமே பெரிதாகக் கேட்கிறது. குரலும் பெரிதாகிறது, விசிறியும் பெரிதாகிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை நிர்ணயிப்பதில் பெரும் பங்கு தூரத்துக்கே. டைனமிக் மைக்கை உதட்டில் ஒட்டிப் பிடிக்கிறோம், கன்டென்சரை இரண்டு அடி தள்ளி வைக்கிறோம். பழி மைக்கின் மேல் விழுகிறது.

தூரம் இரட்டிக்கும்போது குரல் 6 டெசிபல் குறையும். 15 செ.மீ. தூரத்திலிருந்து 60 செ.மீ. தூரத்துக்குப் போனால் 12 டெசிபல் குறையும். அதை ஈடுகட்டக் கெயினை 12 டெசிபல் ஏற்றினால், அறைச் சத்தமும் 12 டெசிபல் ஏறும். எதிரொலி மிகுந்த அறையில் நெருங்குங்கள். சரிசெய்த அறையில் கொஞ்சம் விலகலாம்.

குரலுக்கு: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்தால் வரும் ஒரு சாண் தூரம் தொடக்கத்துக்குச் சரி. பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். 'ப'கரத்தில் வாய்க்காற்று மைக்கில் மோதுவதைத் தடுப்பது அதன் வேலை. மைக்கை ஒட்டியே வைத்தால் காற்று சிதற இடமிருக்காது. சாணுக்கும் குறைவாக நெருங்கினால் கார்டியாய்டு மைக்கில் கீழ் அலைகள் கூடும். மெல்லிய குரலுக்கு அது உடல் கொடுக்கும். கட்டைக்குரலுக்குக் குடத்துக்குள் பேசுவது போன்ற தன்மையைக் கொடுக்கும்.

நாதஸ்வரத்துக்கு: புனல் போல் விரிந்த அடிப்பகுதியான அணசுக்கு நேராக மைக்கை வைப்பதே முதல் தவறு. ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, நீண்ட குழாய்ப் பகுதியான உலவின் விரல்துளைகளிலிருந்தும் வருகிறது. எந்தத் துளை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலி புறப்படும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு அடியாவது தள்ளி, உலவின் நடுப்பகுதியை நோக்கி, சற்று மேலிருந்து வையுங்கள். அப்போதுதான் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் ஒரே ஆளிடமிருந்து வருவதுபோல் கேட்கும்.

தவிலுக்கு: ஒரு மைக் என்றால் முன்னால் நான்கைந்து அடி தள்ளி, இரண்டு முகங்களுக்கும் நடுவில். குச்சி விழும் பக்கமும் விரல்கூடு விழும் பக்கமும் வெவ்வேறு நிறமுள்ளவை. எந்தப் பக்கம் அமுங்குகிறதோ அந்தப் பக்கம் மைக்கை ஒரு சாண் நகர்த்துங்கள். சிறிய அறையில் தவிலைப் பதியாதீர்கள். மண்டபமோ மொட்டைமாடியோ நல்லது.

மிருதங்கத்துக்கு: வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக்குகள், ஒவ்வொன்றும் தன் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒவ்வொரு மைக்குக்கும் அதன் முகத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே அடி இரண்டு மைக்குகளுக்கும் சிறு கால வேறுபாட்டில் சென்று, சேர்க்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும்.

புல்லாங்குழலுக்கு: ஊதும் காற்று செல்லும் வழியை விட்டு விலகி, நெற்றி உயரத்தில், விரல்துளைகளை நோக்கி.

8. கெயின் வைத்தல்

பதிவுச் செயலியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். பிறகு பாட்டின் மிக உச்சமான வரியைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயினை வையுங்கள். தொடக்க வரியை வைத்துக் கெயின் பார்ப்பவர்களின் பதிவு சரணத்தில் உடைவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'சோதனைப் பதிவு' என்றதும் எல்லோரும் அடங்கிய குரலில் பாடுவதும் ஒரு காரணம். 24 பிட்டில் மேலே இடம் விட்டுப் பதிந்தால் இழப்பு ஒன்றுமில்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உடைந்த பதிவைச் சரிசெய்ய முடியாது.

தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்து பாட முடியவில்லை என்று சொல்பவர்கள், இன்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கேட்புப் பொத்தானைப் போட வேண்டும். அப்போது குரல் கம்ப்யூட்டரைச் சுற்றி வராமல் நேராக ஹெட்போனுக்கு வரும்.

9. இரைச்சலைத் தேடும் வரிசை

'ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சிக்கல் எர்த்தில் இருக்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பார்த்து, அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரீசியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். ரீங்காரத்தை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

'ர்ர்ர்' என்று கூர்மையாக இருந்தால் விசிறி ரெகுலேட்டரையும் விளக்கின் டிம்மரையும் அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் வந்தால், லேப்டாப்பை அதன் பேட்டரியிலேயே ஓட்டிப் பதியுங்கள். 'ஸ்ஸ்' என்றால் அனேகமாக மைக் தூரம், கெயின் அதிகம்; 7ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

10. மேடைக்கு எடுத்துச் செல்லும்போது

நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ரேடியோ செட்காரரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுவிடுங்கள். மிக்சரில் 48 வோல்ட் உண்டா? அது ஒவ்வொரு சானலுக்கும் தனியா, எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தானா? கலைஞர்கள் தம் ஒலியைக் கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸ் மேடையில் எங்கே வரும்? "அண்ணே, நம்ம மைக்குக்கு 48 வோல்ட் வேணும், மிக்சர்ல இருக்கா?" என்று கேட்டால் போதும், அனுபவமுள்ளவர் மீதியை அவரே சொல்லிவிடுவார். ஒரே பொத்தான் என்றால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாம் கீழே இருக்கும்போதுதான் அதை அழுத்த வேண்டும்.

எல்லா மேடைக்கும் கன்டென்சர் பொருந்தாது. அமர்ந்து பாடும் கச்சேரியில் வயலின், புல்லாங்குழல், மிருதங்கம்; பட்டிமன்ற மேசையில் கழுத்து வளையும் மெல்லிய மைக்; அசையாமல் நிற்கும் பள்ளிப்பிள்ளைகளின் குழுப்பாட்டு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். கரகாட்டத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் பொருந்தாது. அங்கே மைக் கைமாறும், கீழே விழும், தூசியும் வியர்வையும் படும். டைனமிக் மைக்தான் தாங்கும். கையில் பிடித்துப் பாடக் கன்டென்சரே வேண்டும் என்பவர்களுக்கென்று ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2010 போன்று அதற்காகவே செய்த மைக்குகள் உண்டு. வீட்டில் வைத்துப் பாடும் பெரிய டயஃப்ரம் மைக்கை மானிட்டர் பாக்ஸுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

மைக் கூவுவதற்கும் தூரமே பெரும் காரணம். ஓர் அடி தள்ளி நின்று பாடினால் ஃபேடரை ஏற்ற வேண்டியிருக்கும்; ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்ச் சுற்றத் தொடங்கும். பெரிய ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்கட்டும். கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டரை நேர் முதுகுப் பக்கம் வையுங்கள். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் முதுகில் கொஞ்சம் கேட்கும், அதற்குச் சற்றுப் பக்கவாட்டில், ஏறத்தாழ 125 பாகையில்தான் காது அடைபடும். இதை அறியாமல் இரண்டையும் ஒரே மாதிரி வைப்பதால் வரும் கூவல் நிறைய.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். பட்டிமன்றத்தில் எட்டு மைக்கும் திறந்தே இருந்தால், ஒன்று மட்டும் திறந்திருப்பதோடு ஒப்பிட 9 டெசிபல் போய்விட்டது. பேசாதவரின் மைக்கை மூடிவைக்க ஒருவர் மிக்சரருகில் இருக்க வேண்டும்.

கூட்டம் வருவதற்கு முன், ஃபேடரை மெல்ல ஏற்றி, கூவத் தொடங்கும் இடத்தில் அந்த அலைவரிசையை ஈக்வலைசரில் சிறிது குறைத்து, பிறகு ஃபேடரை 6 டெசிபல் இறக்கி விட்டுவிடுங்கள்.

ஆடி மாதத்து அம்மன் கோவில் விழாக்களில் மேடை பெரும்பாலும் வெட்டவெளியில் இருக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் டயஃப்ரம் எம்மாத்திரம்? நுரை உறை கட்டாயம். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் பொத்தானையும் போடுங்கள்.

மேடையில் கன்டென்சர் இணை மைக்குகளுக்கு நான் மிகவும் விரும்பும் வேலை வேறொன்று. அவற்றை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், கலைஞர்களின் ஒப்புதலோடு கச்சேரியைப் பதிவு செய்ய மட்டும் வைப்பது. இரண்டு பென்சில் மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, மேடைக்கு முன் ஏழெட்டு அடியில் ஆளுயரத்துக்கு மேல் நிறுத்துங்கள். கூவும் அச்சமே இல்லை. கச்சேரி நடந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பது போன்ற பதிவு கிடைக்கும்.

11. பத்திரப்படுத்துதல்

'ஹலோ' சொல்வதற்குப் பதிலாக மைக்கில் ஊதிப் பார்ப்பதையும் தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் வரும் இடத்தில் ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காதீர்கள். எண்ணெய்ப் படலத்தில் ஒட்டும் தூசியை வெளியிலிருந்து துடைத்து எடுக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் 'பட் பட்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் டயஃப்ரத்தில் ஈரம் இருக்கிறது என்று கொள்ளலாம். வெயிலில் காயவைக்காமலும் சூடான காற்றைப் பாய்ச்சாமலும், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீல நிறச் சிலிக்கா ஜெல் வெளிர் சிவப்பாக மாறியிருந்தால் அது இனி ஈரத்தை வாங்காது, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.